குண்டுமணியின் ஞாயிற்றுக்கிழமைக் குளியல்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். புதிதாகக் கார்ன் ஸ்நேக் என்ற வகைப் பாம்பு வளர்க்கத் தொடங்கியிருக்கிறான். ஒன்றரை அடி நீளக் குட்டி. "அக்கா, வாரத்துக்கு எத்தனை தடவை குளிப்பாட்டணும்? ஒரு தடவை போதுமா, ரெண்டு தடவையா?" என்று கேட்டான். குளிப்பாட்ட வேண்டுமா என்ற சந்தேகமே அவனுக்கு இல்லை. எட்டு வருடங்களுக்கு முன்னால் எனக்கும் இருக்கவில்லை.

"குளிப்பாட்டவே வேண்டாம்ப்பா" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அழுக்காயிடாதா அக்கா?"

அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. ஒரு பாம்பை மாதக்கணக்கில் தேவையில்லாமல் சிரமப்படுத்தித்தான் நான் அந்தப் பதிலைக் கற்றுக்கொண்டேன். அவனுடைய குட்டிக்கு அந்தச் சிரமம் வரக் கூடாது.

என்னிடம் இருப்பது பால் பைத்தான். பயந்தால் தலையை நடுவில் பதுக்கிக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும் சின்ன வகை மலைப்பாம்பு. வந்த நாளில் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டாள். குண்டுமணி என்று பெயர் வைத்தோம். வந்த முதல் வாரத்திலேயே ஞாயிற்றுக்கிழமைக் குளியல் தொடங்கிவிட்டது. வீட்டில் ஒரு உயிர் வந்துவிட்டால் அதைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதும்தானே பாசம்? எனக்கு அப்படித்தான் தெரியும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அவளை மெதுவாக இறக்கி, கால் மணி நேரம் விடுவேன்.

தண்ணீரில் விட்டதும் டப்பின் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வருவாள். மூக்கை மேலே தூக்கி விளிம்பைத் தொடுவாள், வழுக்குவாள், மறுபடி தூக்குவாள். "எவ்வளவு சந்தோஷமா நீந்துறா பாருங்க" என்று வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அப்போது எடுத்த வீடியோ ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் தெரிவது சந்தோஷம் இல்லை. வெளியே போக வழி தேடுகிறாள். பாம்புக்கு முகபாவம் கிடையாது, இமை கிடையாது, சத்தம் போட்டு அழாது. நாம் எதைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அதையே அதன் அசைவுகளில் பார்த்துவிடுகிறோம்.

குளித்து முடித்த நாளெல்லாம், அவள் வசிக்கும் தொட்டியில் உள்ள மறைவிடத்துக்குள் இறுகிச் சுருண்டு கிடப்பாள். இரவு எலியை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வாள். இப்படியே ஒன்பது வாரம் சாப்பிடவில்லை. பால் பைத்தான்கள் சில சமயம் எந்தக் காரணமும் தெரியாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்பது உண்மைதான். அதனால் குளியல்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடிக்கடி கையில் எடுப்பதும் இடம் மாற்றுவதும் இந்த வகைப் பாம்பின் பசியைக் கெடுக்கும் என்பது வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்தது.

என்னை உலுக்கியது பட்டினி இல்லை. அதற்குப் பிறகு அவள் சட்டை உரித்த விதம்தான்.

நலமாக இருக்கும் பாம்பு மூக்கு நுனியில் தொடங்கி வால் நுனிவரை, காலுறையைக் கழற்றுவதுபோல் உள்புறம் வெளியே வர, ஒரே துண்டாகச் சட்டையைக் கழற்றும். குண்டுமணியின் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து வந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. வால் நுனியில் ஒரு வளையம் இறுகிக் கிடந்தது. இடது கண்ணின் மேல் பழைய மூடி அப்படியே இருந்தது. வாரம் தவறாமல் தண்ணீரில் ஊறிய பாம்புக்கு எப்படி இது வரும்? எனக்குப் புரியவே இல்லை.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் குளியல் புராணத்தை முழுசாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தொட்டியில ஈரப்பதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

"அறுபது சார்."

"எதுல பார்த்தீங்க?"

தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த, முள் நகரும் வட்ட மானியில். அதை நம்ப வேண்டாம், எண் காட்டும் டிஜிட்டல் மானி வாங்கி அதன் உணரியைப் பாம்பு படுக்கும் தரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். அன்று இரவே வைத்தேன். 38 சதவீதம். பால் பைத்தானுக்கு வேண்டியது குறைந்தது 55, 60. சட்டை உரிக்கும் நாட்களில் அதற்கும் மேல். தொட்டிக்கு மேலே கம்பி வலை மூடி, வலைக்கு மேலே சூடு தரும் விளக்கு. இரண்டும் சேர்ந்து இருந்த ஈரத்தையெல்லாம் இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் கால் மணி நேரம் தண்ணீரில் நனைத்துவிட்டு மிச்ச நேரம் முழுவதும் அவளைக் காய்ந்த காற்றில் கிடத்தியிருக்கிறேன்.

வாலில் இருந்த வளையத்தை அவர் ஈரத்துணியில் சுற்றி ஊறவைத்து, விரலால் உருட்டி உருட்டி எடுத்தார். அதை அப்படியே விட்டிருந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு வால் நுனியே செத்துப்போகக்கூடும். கண்ணை மட்டும் அவர் தொடவில்லை. "ஈரப்பதத்தைச் சரி பண்ணுங்க. அடுத்த சட்டையோட சேர்ந்து போயிடும். நீங்க கிள்ளிப் பார்க்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். பாம்பின் கண்ணுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு செதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் மேல்தோலும் சட்டையோடு கழன்று வரும். பழையது என்று நினைத்துப் புதியதையும் சேர்த்துப் பிய்த்துவிட்டால் கண் போய்விடும்.

அதற்குப் பிறகுதான் பாம்பின் தோலைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நாம் ஏன் குளிக்கிறோம்? நமக்கு வியர்க்கிறது. தோலில் எண்ணெய் சுரக்கிறது. அதில் தூசி ஒட்டி, கிருமிகள் வளர்ந்து, வாடை வருகிறது. பாம்புக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. நம் தோலில் இருப்பதுபோல் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. செதில்களின் மேற்பரப்பு நம் நகம் செய்யப்பட்டிருக்கும் கெரட்டின் வகையைச் சேர்ந்த பொருள். வழவழவென்று உலர்ந்திருக்கும். பாம்பு வளர்க்கும் வீட்டில் வாடை அடித்தால் அது பெரும்பாலும் பாம்பிலிருந்து வருவதில்லை. தொட்டியிலிருந்து வருகிறது. கழிவை அன்றன்றே எடுத்து, கீழே பரப்பியிருப்பதை அவ்வப்போது மாற்றினால் வாடையே இருக்காது. குண்டுமணியை முகர்ந்து பார்க்கும் குழந்தைகள் ஏமாந்துதான் போவார்கள்.

இன்னொன்று, நாம் தோலைத் தினமும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறோம். பாம்பு அதைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் மொத்தமாகக் கழற்றிவிடுகிறது. மேலே ஒட்டியிருந்த தூசியும் கறையும் அதோடு போய்விடும். வளரும் குட்டி நான்கிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும், வளர்ந்தது இன்னும் தாமதமாக உரிக்கும். இதைவிடச் சுத்தமான குளியல் எந்தப் பிராணிக்கு வாய்த்திருக்கிறது?

தண்ணீர் உடலைவிட்டுப் போகாமல் காப்பது செதில்கள்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானிகளும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1972-இல் வந்த ஓர் ஆய்வு அதை மாற்றியது. பிறவியிலேயே செதில் இல்லாத ஒரு கோஃபர் பாம்பை, செதிலுள்ள பாம்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தோல் வழியாகத் தண்ணீர் இழப்பதில் வித்தியாசமே இல்லை. 1980-இல் வந்த இன்னொரு ஆய்வில், பாம்பு உரித்த சட்டையிலிருந்து கொழுப்பைக் கரைத்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் தாராளமாக ஊடுருவியது. ஆக, அணைபோலத் தடுத்து நிற்பது மேல்தோலின் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய கொழுப்பு.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் விளங்கின. உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே விடாத தோல், வெளியிருக்கும் தண்ணீரையும் சுலபமாக உள்ளே விடாது. டப்பில் கால் மணி நேரம் கிடந்ததால் அவள் தோல் வழியாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டாள் என்று நான் நம்பியதற்கு அடிப்படையே இல்லை. இரண்டாவது, சோப்பும் ஷாம்பூவும் பாம்பின் பக்கத்திலேயே போகக் கூடாது. எண்ணெய்ப் பசையை நீக்கத்தான் சோப்பைச் செய்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பசையை நம்பியே வாழும் தோலில் அதற்கு என்ன வேலை? சட்டை கழலட்டும் என்று சிலர் எண்ணெய் தடவுகிறார்கள். தயவுசெய்து அதையும் செய்யாதீர்கள்.

பாம்பு தண்ணீர் குடிப்பது வாயால்தான். அதுவும் விசித்திரமான முறையில். நாக்கால் நக்கிக் குடிப்பதில்லை. வாயைத் தண்ணீரில் பதித்துப் பம்பு போல உறிஞ்சுகிறது என்றுதான் சொல்லிவந்தார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சில பாம்புகளின் கீழ்த்தாடையில் உள்ள மடிப்புகள் பஞ்சு போலத் தண்ணீரை ஈர்த்துக்கொள்வதையும், தாடைத் தசைகள் அந்தப் பஞ்சைப் பிழிந்து தண்ணீரைத் தொண்டைக்குத் தள்ளுவதையும் காட்டியது. மழை பெய்தால் சில கிலுகிலுப்பைப் பாம்புகள் உடலைத் தட்டையாக்கிச் சுருண்டு, தம் செதில்கள்மேல் தேங்கும் துளிகளைத் தாமே குடிக்கின்றன. மஞ்சள் வயிற்றுக் கடல்பாம்பு வாழ்நாள் முழுவதும் கடலிலேயே மிதக்கிறது. ஆனால் கடல்நீரை அது குடிப்பதில்லை. மழைக்காகக் காத்திருந்து, மேலே படரும் நன்னீரைக் குடிக்கிறது. மழை இல்லாத மாதங்களில் தாகத்தில் உடல் வற்றுகிறது. சுற்றிலும் தண்ணீர், உடம்பெல்லாம் தண்ணீர், ஆனாலும் தாகம். நனைவது வேறு, நீர் சேர்வது வேறு. எனவே நம் வீட்டுப் பாம்புக்கு முதல் தேவை, எப்போதும் சுத்தமாக இருக்கும் ஒரு கிண்ணம் குடிதண்ணீர்.

சட்டைக்குத் திரும்புகிறேன். உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு பாம்பின் நிறம் மங்கும், கண் பால் பூத்தாற்போல் வெளுத்து நீலம் பாரிக்கும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே உடலிலிருந்தே ஒரு திரவம் ஊறி இரண்டையும் பிரிக்கிறது. கண்ணில் தெரியும் அந்தப் பால் நிறம் அதனால்தான். பிறகு கண் தெளியும். தெளிந்து சில நாட்களில் உரியும். இந்த வேலையெல்லாம் உள்ளேயிருந்து, நாள்கணக்கில் நடப்பது. உடலில் நீர்ச்சத்து குறைவாக இருந்தால் பிரிவது சரியாக நடக்காது. பிரிந்த பிறகு காற்று வறண்டிருந்தால் பழைய தோல் அப்பளம்போல் காய்ந்து கிழியும். கண் மங்கியிருக்கும் நாட்களில் பாம்புக்குப் பார்வை குறையும், சின்ன அசைவுக்கும் மிரளும். கையிலெடுக்கவே கூடாத அந்த நாட்களில்தான் நான் "பாவம், தோல் காஞ்சிருக்கு" என்று கூடுதலாக ஒரு குளியல் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் வலிக்கிறது.

தொட்டியைச் சரிசெய்வதற்கு ஒரே ஒரு நாள்தான் ஆயிற்று. வலை மூடியில் முக்கால் பாகத்தை அடைத்தேன். கீழே தேங்காய்நார்த் தூளை நான்கு விரல்கடை ஆழத்துக்குப் பரப்பி, மேலே தெளிக்காமல் மூலைகளில் தண்ணீர் ஊற்றினேன். அடிப்பாகம் ஈரமாகவும் மேற்பரப்பு காய்ந்தும் இருக்கும். அவள் சுருண்டு படுக்கும் அளவுக்குப் பெரிய தண்ணீர்க் கிண்ணம் ஒன்று வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை டப்பின் மூடியில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டு, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, உள்ளே நனைத்துப் பிழிந்த, ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியை நிரப்பி, தொட்டியின் வெதுவெதுப்பான பக்கத்தில் வைத்தேன். நான் தூக்கிப் போட்டபோதெல்லாம் ஓடப் பார்த்த அதே டப்புக்குள், கண் மங்கிய அன்று அவளாகவே நுழைந்தாள். எட்டு நாள் கழித்து வெளியே வந்தபோது பாசிக்குள் முழுச் சட்டை கிடந்தது. அதை விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். தலைப்பகுதியில் இரண்டு வட்ட மூடிகள். இடது பக்கத்து மூடி மட்டும் வலதைவிடத் தடித்து, இரண்டு அடுக்காக இருந்தது. அடுத்த வாரமே எலியை வாங்கிக்கொண்டாள்.

ஈரம் நல்லது என்றதும் தொட்டியைச் சேறாக்கிவிடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் ஆபத்து. எப்போதும் சொதசொதவென்றிருக்கும் தரையில் கிடந்தால் வயிற்றுப் பக்கச் செதில்கள் சிவந்து, கொப்புளம் கட்டி, அழுகத் தொடங்கும். தண்ணீரிலேயே பாதி நாள் கழிக்கும் தண்ணீர்ப் பாம்புகளுக்குக்கூட, வெளியே வந்து முழுக்கக் காய்வதற்கு ஓர் இடம் இல்லாவிட்டால் இந்தக் கொப்புளம் வரும். வேண்டியது ஈரமான காற்றும் உலர்ந்த படுக்கையும். அளவும் எல்லாப் பாம்புக்கும் ஒன்றல்ல. பிரேசில் ரெயின்போ போவாவுக்கு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் ஆகாது. வறண்ட நிலத்தில் புதைந்து வாழும் கென்ய மண் போவாவை அப்படி வைத்தால் நோயில் விழும். கார்ன் ஸ்நேக் இரண்டுக்கும் நடுவே, 40 முதல் 60 வரை.

குளியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடிவாதமாக ஒட்டிய சட்டை, பல வாரமாகக் கழிவு வராத மலச்சிக்கல், தன் கழிவிலேயே புரண்டு உடம்பெல்லாம் பூசிக்கொண்ட நாள், நீர்ச்சத்து வற்றிய உடல் என்று மருத்துவர் சொன்ன சமயம், இவற்றுக்கெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர் உதவும். அப்போதும் அது மருந்து. மருந்துக்கு அளவு உண்டு. தண்ணீர் 28, 30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், கை வைத்துப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், வெப்பமானியை வைத்துப் பாருங்கள். ஆழம் பாம்பின் உடல் தடிமனில் பாதி போதும். பாம்புக்கு நீந்தத் தெரியும், ஆனால் களைத்துப்போனால் மூழ்கவும் செய்யும். அதனால் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. கால் மணி, இருபது நிமிடத்தில் எடுத்து, ஈரம் போகத் துடைத்து, வெதுவெதுப்பான தொட்டியில் விடுங்கள். தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி அது. குளிர்ந்த அறையில் ஈர உடம்போடு விட்டால் நெஞ்சில் சளிக் கட்டிக்கொள்ளும். சாப்பிட்டு இரண்டு நாள் ஆகும்வரை வேண்டவே வேண்டாம், கக்கிவிடும்.

சட்டை ஒட்டியிருந்தால் டப்பைவிட எனக்குப் பிடித்த வழி, ஈரமான துண்டு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூடு ஆறி வெதுவெதுப்பானதும் பாம்பை அதன் மடிப்புகளுக்குள் விட்டால், துணியில் உரசி உரசித் தானே கழற்றிக்கொள்ளும். கழுவுவதற்குச் சமையலறைத் தொட்டியையும் வீட்டார் குளிக்கும் பாத்திரங்களையும் பயன்படுத்தாதீர்கள். ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி நோயே காட்டாமல் இருக்கும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த இடத்தில் சோப்பு அவசியம்.

பாம்பு தானாகவே போய்க் கிண்ணத்தில் ஊறிக் கிடந்தால் என்ன? ஒரு நாள் கிடந்தால் கிடக்கட்டும். குண்டுமணிக்கு மூன்று வயதானபோது ஒருமுறை தொடர்ந்து மூன்று நாள் கிண்ணத்தைவிட்டு வரவில்லை. கண் தெளிவாக இருந்தது, சட்டை உரிக்கும் காலமும் இல்லை. ஈரப்பதம் 62. சூடான பக்கம் 32 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. நான்காம் நாள் கிண்ணத்துத் தண்ணீரை வெள்ளைத் தாளில் ஊற்றிப் பார்த்தேன். கசகசாவைவிடச் சிறிய கரும்புள்ளிகள். அவளுடைய தாடைக்கடியிலும் கண்ணோரத்துப் பள்ளத்திலும் இன்னும் சில. பாம்பு உண்ணி. ரத்தம் குடித்துப் பெருகும் அந்தப் பூச்சிக்கு, மூழ்கிக் கிடப்பதைத் தவிர அவளுக்கு வேறு மருந்து தெரியவில்லை. தண்ணீரில் சில உண்ணிகள் சாகும். நீருக்கு மேலே தெரியும் தலைக்கு மற்றவை ஏறிக்கொள்ளும், முட்டைகளோ தொட்டி இடுக்கில் பத்திரமாக இருக்கும். மருத்துவர் கொடுத்த மருந்தும், தொட்டியைக் கழற்றித் துடைத்துக் காயவைத்த ஐந்து வாரமும் சேர்ந்துதான் அதை ஒழித்தன. அந்த மூன்று நாளை "குளிக்க ஆசைப்படுகிறாள்" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால்தான் அந்தத் தம்பியை மறுபடி கூப்பிட்டேன். மானி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, வட்டமான முள் மானி. 55 காட்டுகிறதாம். டிஜிட்டல் மானி ஒன்று வாங்கி உணரியைத் தரையோரம் வைத்து, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். நேற்று இரவு படம் அனுப்பியிருந்தான். 31. கீழே ஒரு வரி: "அக்கா, கண்ணு வெள்ளையா ஆகிட்டு வருது. இன்னைக்கு என்ன பண்ணட்டும்?"

பாசி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், காகிதத் துண்டை நனைத்துப் பிழிந்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மூடியில் அது நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே வை, குட்டியைத் தூக்கி உள்ளே போடாதே, அதுவே போகட்டும் என்றேன்.